பாங் லம்பானில் மட்டி உண்டு

துணை மாவட்ட அதிகாரியின் ஓய்வு விருந்தில் ரத்தமட்டி பரிமாறினார்கள். கொதிநீரில் முக்கி எடுத்த வேகத்தில் தட்டுக்கு வந்தது. ஓட்டைப் பிளந்தால் உள்ளே சிவப்பு வழிய வேண்டும், அதுதான் பதம். அதற்கு மேல் வெந்தால் செருப்புத்தோல் என்று முகம் சுளிப்பார்கள். அன்றைக்கு யாரும் முகம் சுளிக்கவில்லை. மறுநாள் மாவட்ட அலுவலகத்தில் நாற்காலிகளெல்லாம் காலி; கழிப்பறை ஒன்றுகூடக் காலி இல்லை.

இதே வயிற்றுப்போக்கு சேறு மிதிக்கிறவர்களுக்கு வந்திருந்தால், சுகாதார நிலையத்தில் உப்புக்கரைசல் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்து, பச்சையாய்த் தின்றதற்கு நாலு வார்த்தை திட்டி அனுப்பியிருப்பார்கள். வந்தது அதிகாரிகளுக்கு. அதனால் விஞ்ஞானம் வந்தது.

ஓட்டல் சமையற்கட்டின் மூலையில் காலிச் சாக்கு ஒன்று கிடந்தது. நீல எழுத்தில் 'அசல் பாங் லம்பான் மட்டி' என்று அச்சு. கீழே பல்லைக் காட்டிச் சிரிக்கும் ஒரு மட்டியின் படம்.

அந்தச் சாக்கைத் தைத்துக் கட்டியவள் பாங் லம்பான் ஊர்க்காரி சங்வியன். ஐம்பதைத் தாண்டியவள். இடது முழங்கால் வலதைவிடப் பெருத்திருக்கும். சேற்றுப்பலகையில் ஒரு முழங்காலை ஊன்றி, மறுகாலால் உந்தி உந்தி, பாதி ஆயுள் மட்டி பொறுக்கியதில் வந்த பெருக்கம் அது. கால்வாய் முகத்தை ஒட்டி மூங்கில் கம்பு நட்டு எல்லை கட்டிய சேற்றுக்கட்டம் ஒன்று அவள் பெயரில் அரசாங்கக் குத்தகையாக இருந்தது. புருஷன் குடித்தே போய்விட்டான். மகள் பாங்காக்கில் தையல் ஆலைக்குப் போனவள் புத்தாண்டுக்கு மட்டும் வருவாள். தன்னுடையது என்று சங்வியன் சொல்லிக்கொள்ள அந்தச் சேறு ஒன்றுதான்.

அந்தச் சேற்றில் மட்டி இல்லை. ஒன்றுகூட இல்லை.

மூன்று வருஷம் முன்னால் ஒரு மழைக்காலத்தில் மேலேயிருந்து கறுப்புத் தண்ணீர் இறங்கிவந்தது. பன்றிப்பண்ணையா, சாயப்பட்டறையா என்று கேட்க யாரும் போகவில்லை. கேட்டாலும் பதில் சொல்ல யாரும் இல்லை. கால்வாய் முகத்துச் சேற்றுத்திட்டு முழுக்க மட்டிகள் வாயைப் பிளந்து நாறின. ஊர் மூக்கைப் பொத்திக்கொண்டது. பிறகு வாயையும் பொத்திக்கொண்டது. கட்டத்தில் மட்டி வளர்க்காமல் தரிசாய்ப் போட்டால் குத்தகை ரத்து என்பது சட்டம். கால்வாய் முகத்தில் படகுத்துறை கட்ட ஒரு கம்பெனி நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்திருந்தது. ஆகவே பாங் லம்பானில் மட்டி உண்டு. யார் கேட்டாலும் உண்டு.

சாக்கை நிரப்ப ஹியா கெங் இருந்தார். சீனவழி வியாபாரி, ஹியா என்றால் அண்ணன், ஊரில் அவரைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். தெற்கிலிருந்து, கிழக்கிலிருந்து, எல்லைக்கு அப்பாலிருந்தெல்லாம் அவருடைய லாரிகள் மட்டி கொண்டுவந்து ஓடைக்கரைக் கொட்டகையில் கொட்டும். வலைப்பையில் அடைத்து ஓடையில் தொங்கவிட்டால் வயிற்றிலுள்ள பழைய மண்ணைத் துப்பிவிட்டு நம் தண்ணீரைக் குடிக்கும். பிறகு சல்லடையில் தரம் பிரித்துச் சாக்கு. எந்தக் கடலில் பிறந்ததானாலும் ஒரு ராத்திரி ஊறினால் போதும், அது பாங் லம்பான் பிரஜை. அதே கொட்டகையில் இருபது வருஷமாக மூட்டை தூக்கிய பர்மாக்காரர்களுக்கு இன்னும் கிடைக்காத சலுகை.

விருந்துக்குப் போனவர்கள் நோயில் படுத்த சேதி கிடைத்த அன்றே ஹியா கெங் கொட்டகையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துவிட்டார். மீதமிருந்த சரக்கை எறிய மனசு வரவில்லை. உயிரோடு இருக்கிற பண்டம். வலைப்பைகளை ஓடையின் வளைவில், கண்டல் மர வேருக்கடியில் யார் கண்ணிலும் படாமல் தொங்கவிட்டார்.

மாகாண ஆய்வகத்திலிருந்து டாக்டர் வாரின் வந்தாள். சின்னப் பெண், கண்ணாடி போட்டவள். மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை, கிருமியைப் படிக்கிற டாக்டர். ஊருக்கு அந்த வித்தியாசம் பிடிபடவில்லை. ஊர்த்தலைவர் தம்ரோங் தன் ரத்த அழுத்தத்தைப் பற்றித்தான் முதலில் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டு, உப்பைக் குறைக்கச் சொன்னாள்.

"கொட்டகை வெறிச்சுன்னு இருக்கே?" என்றாள்.

"சுத்தம்தாங்க எங்களுக்கு முக்கியம்," என்றார் தம்ரோங்.

"சுண்ணாம்பு இன்னும் காயலையே தலைவரே."

தம்ரோங் சுவரிலிருந்து கையை எடுத்து வேட்டி போலக் கட்டியிருந்த துண்டில் துடைத்துக்கொண்டார். அவள் அதற்கு மேல் துருவவில்லை. பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து விரித்தாள். சாம்பல் நிறத்தில் நெட்டுக்குத்தான பத்திகள். ஒவ்வொன்றிலும் ஏணிப்படி மாதிரிக் குறுக்குக் கோடுகள்.

"விருந்துல தின்னுட்டுப் படுத்தவங்க வயித்துல இருந்து எடுத்த கிருமி இது. விப்ரியோன்னு பேரு."

"ஃபுட்பால் ஆடறவன் பேரு மாதிரி இருக்கு," என்றார் தம்ரோங்.

"உப்புத்தண்ணியில எங்கயும் இருக்கறதுதான். ஆனா எல்லாம் ஒண்ணில்ல. ஒவ்வொண்ணுக்கும் உள்ள இருக்கற எழுத்து வேற. அந்த எழுத்தைத் துண்டு துண்டா வெட்டி, கூழு மாதிரி ஒண்ணுல போட்டுக் கரண்டு விட்டா இப்படிக் கோடு விழும். எங்கெங்க கோடு விழுதுங்கறதுதான் அதோட அடையாளம்."

சங்வியன் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "ரெண்டுக்கு ஒரே மாதிரி கோடு விழுந்தா?"

"ஒரே குடும்பம்."

"அப்பன் யாருன்னு பாக்கற டெஸ்டு மாதிரியா?"

"அதேதான் பெரியம்மா."

"தலைவரே, இது ஊருக்குள்ள வேணாம். பாதி வீட்டுல அடுப்பு எரியாது."

கொட்டகையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். டாக்டர் வாரின்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள். அதனால்தான் அவளை அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனது வேலையைக் கஷ்டமாக்கிற்று.

"உங்க திட்டு மட்டியில இருக்கற கிருமியோட கோட்டையும் எடுத்துப் பாக்கறேன்," என்றாள். "வேறயா இருந்தா உங்க ஊர் மேல தப்பு இல்லன்னு நானே எழுதித் தர்றேன். எனக்கென்னவோ வேறயாத்தான் இருக்கும்னு தோணுது. போன மாசம் தெக்க ஒரு ஊர்ல இதே கோடு வந்துச்சு. கடல் நல்லா உள்வாங்கற அடுத்த பெரிய வத்தத்துக்கு வர்றேன். சாக்குல இருந்து வேணாம். சேத்துல இருந்து, என் கண்ணு முன்னாடி எடுக்கணும்."

தம்ரோங் தொண்டையைச் செருமினார். ஆனால் பேசியது சங்வியன்.

"வாங்க டாக்டரம்மா. கால் வைக்க இடமில்லாம கெடக்கு."

பொய் தானாக வந்தது. மூன்று வருஷப் பழக்கம்.

டாக்டரின் வண்டி கண்மறைந்ததும் தம்ரோங், சங்வியன், ஹியா கெங் மூன்று பேரும் கொட்டகையில் உட்கார்ந்தார்கள். ஹியா கெங் தேநீரை ஊதிக் குடித்துக்கொண்டே சொன்னார்: "மட்டியே இல்லன்னு சொல்லிடுங்களேன். இல்லாத மட்டி எப்படி நோயக் குடுக்கும்?"

"சொன்னா குத்தகை போச்சு," என்றார் தம்ரோங்.

"அது உங்க குத்தகை."

"சாக்கு யாருதுங்க ஹியா?" என்றாள் சங்வியன். "இங்க இல்லன்னு சொன்னா, அப்ப சாக்குல இருந்தது எங்க இருந்து வந்துச்சுன்னு அந்தப் பொண்ணு கேக்கும். அதுக்கடுத்த கேள்வி உங்க லாரிதான்."

ஹியா கெங் கோப்பையைக் கீழே வைத்தார். வெளியே ஓடையில் கடலேற்றம் வந்து கட்டைகளில் தண்ணீர் தட்டுகிற சத்தம்.

"நட்டுடலாம்," என்றார் தம்ரோங்.

"எதை?"

"மட்டியத்தான். நெல்லு நடற மாதிரி. அந்தம்மா வந்து பொறுக்கட்டும். நம்ம கோடு வேற, அதிகாரிங்க வயித்துக் கோடு வேறன்னு ஆயிடும். ஊரும் தப்பிக்கும், குத்தகையும் தப்பிக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. அதைவிட நல்ல யோசனை அங்கே யாரிடமும் இல்லை.

ஹியா கெங் கிழக்குக் கரையிலிருந்து புது லாரி ஒன்றை வரவழைத்தார். "விருந்துக்குப் போனதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. பச்சப்புள்ள மாதிரி சுத்தம். எங்கம்மா மேல சத்தியம்."

"உங்கம்மா போன வருஷமே போயிட்டாங்களே ஹியா?"

"அதனாலதான் தைரியமா சொல்றேன்."

இந்தத் தடவை அவர் சொன்னது உண்மை. கிழக்குக் கரை மட்டியில் எந்தக் கோளாறும் இல்லை. கோளாறு சங்வியனின் வேலை சுத்தத்தில் இருந்தது. அவள் ஒரு கை மட்டியை அள்ளி உலுக்கிப் பார்த்தாள். பனிக்கட்டியில் வந்த களைப்பில் பாதி மட்டிகள் வாயைத் திறந்து வைத்திருந்தன. ஓட்டின் வரிகளில் செம்மண் ஏறியிருந்தது. பாங் லம்பான் சேறு கறுப்பு.

"இதை அப்படியே நட்டா சேத்துல படுத்து இளிக்கும்," என்றாள். "அந்தப் பொண்ணு கண்ணாடி போட்டிருக்கு, குருடி இல்ல. ஊறணும். நம்ம தண்ணியக் குடிச்சு வாயை மூடணும். பொய் சொல்றதுன்னா ஒழுங்காச் சொல்லணும் தலைவரே."

கொட்டகைக்கு முன்னால் தொங்கவிட்டால் வழியில் போகிற எல்லோரும் பார்ப்பார்கள். வளைவில், கண்டல் வேருக்கடியில்தான் மறைவு.

"அங்க பழசு கெடக்குது," என்றார் ஹியா கெங்.

"கெடக்கட்டும். மாறிப்போகாம இருக்க நான் அடையாளம் வைக்கறேன்."

புதிய பைகள் ஒவ்வொன்றிலும் பச்சைக் கயிறு கட்டினாள். இரண்டு முடிச்சு போட்டு இழுத்துப் பார்த்தாள். பழைய பைகளுக்கும் புதிய பைகளுக்கும் இடையில் கை அகலம் இடம் விட்டாள். ஓடுகிற தண்ணீர் சுத்தம் என்பது இந்தக் கரையில் பிறக்கிறவர்கள் பாலோடு குடிக்கிற நம்பிக்கை. அந்த ஓடை கடலுக்கு ஓடுகிறது, பிறகு கடலிலிருந்து அதே தண்ணீர் அதே வழியாகத் திரும்பி வருகிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். இரண்டையும் யாரும் சேர்த்து யோசித்ததில்லை.

பெரிய வத்தத்தன்று விடிந்தும் விடியாமல் பலகைகளோடு இறங்கினார்கள். தம்ரோங் தலைவரானதிலிருந்து சேற்றில் இறங்கியதில்லை. பலகை அவர் தொப்பையைத் தாங்காமல் மூக்கால் சேற்றைக் குத்தியது.

"பின்னால சாயுங்க தம்பி. சாமி கும்பிடற மாதிரி விழுறீங்க," என்றாள் சங்வியன். சேற்றில் அவர் தலைவர் இல்லை, சித்தப்பா மகன்.

"கும்பிட்டுட்டுத்தான்கா வந்தேன். கால்வாய் அம்மனுக்கு அவிச்ச முட்டையும் சிவப்புச் சோடாவும் வேண்டியிருக்கு."

"என்னன்னு வேண்டினீங்க?"

"மட்டி பிடிக்கணும்னு."

"பிடிச்ச மட்டியத்தானே நடறோம்."

"அம்மனுக்கு அவ்வளவு விவரமா சொல்லலக்கா."

அவர் கைக்கு வந்தபடி மட்டியை அழுத்திக்கொண்டு போனார். சங்வியன் பின்னாலேயே வந்து அதையெல்லாம் பிடுங்கித் திருப்பி நட்டாள். "தலைகீழா வைக்கறீங்க. மூட்டு கீழே, வாய் மேலே."

"மட்டிக்கு வாய் எது, குண்டி எதுன்னு எனக்கென்னக்கா தெரியும்?"

"மட்டிக்குத் தெரியும். அது போதும்."

வரிசையாய் இருந்தால் நட்டது தெரிந்துவிடும் என்று அங்கங்கே சிதறவிட்டாள். பெரியதோடு சிறியது கலந்தாள். பழைய வெற்று ஓடுகள் கொஞ்சத்தை நடுவில் தூவினாள். எந்தத் திட்டிலும் செத்தது சிலது இருக்கும். முடித்துவிட்டு, பார்க்க வருகிறவள் பொறுக்குகிற மாதிரியே சேற்றுக்குள் விரலை விட்டுத் துழாவினாள். கெட்டியாக, உருண்டையாக விரலில் தட்டுப்பட்டது. எத்தனை நாளாயிற்று. தான் நட்டதுதான் என்று தெரிந்திருந்தும் அவள் கை ஒரு நிமிஷம் அங்கேயே நின்றது.

டாக்டர் வாரின் வந்து, முழுக்கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு பலகையில் ஏறினாள். இரண்டு தரம் விழுந்தாள். மூன்றாவது தரம் விழுந்தபோது கண்ணாடியைத் தேட வேண்டியதாயிற்று. சங்வியன்தான் தள்ளிக்கொண்டு போனாள். முதல் மட்டி கிடைத்ததும் அந்தப் பெண் குழந்தை மாதிரிக் கத்தினாள்.

"எவ்வளவு நல்லா இருக்கு! இந்தத் திட்டு செத்துப்போச்சுன்னு எங்க ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னார் பெரியம்மா."

"பொறாமை டாக்டரம்மா."

டாக்டர் மூன்று இடத்தில் மட்டி எடுத்து உறையில் போட்டாள். அதோடு நிற்காமல் சேற்றையும் கடல்தண்ணீரையும் தனித்தனிக் குப்பியில் நிரப்பினாள்.

"சேறு எதுக்குங்க?"

"மட்டி எதுல குடியிருக்கோ அதையும் பாக்கணும்ல."

பார்க்கட்டும் என்று நினைத்தாள் சங்வியன். சேறு பொய் சொல்லாது. சுத்தமான சேறு.

முடிவை டாக்டர் வாரின் சொல்வதற்கு முன்னால் ஆளுநர் சொல்லிவிட்டார், தொலைக்காட்சியில். நோயாளியின் கோடும் பாங் லம்பான் மட்டியின் கோடும் பக்கத்தில் பக்கத்தில் திரையில் வந்தன. ஒருவர் குச்சியால் ஒவ்வொரு படியாகத் தொட்டுக் காட்டினார். ஒரு படிகூட மாறவில்லை. திட்டு மூடப்பட்டது. கம்புகளில் சிவப்புத் துணி கட்டினார்கள். மட்டி எடுப்பவர்கள்மேல் வழக்கு என்று பலகை வைத்தார்கள்.

"அம்மா மேல சத்தியம், கிழக்குக் கரைதான்," என்று ஹியா கெங் சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்லிக்கொண்டே, நட்டதில் மிச்சத்தை ராத்திரியோடு ராத்திரியாகப் பிடுங்கிக்கொண்டு, கொட்டகையைக் காலி செய்தார்.

ஊர்ப் பெண்கள் சந்தைக்குப் போனால் மற்றவர்கள் கூடையை நகர்த்தி வைத்தார்கள். சங்வியன் கீரை வாங்கப் போன இடத்தில் ஒருத்தி, "உங்க ஊரு சேத்தையே மிதிச்சுட்டு வந்து எங்க கடை முன்னால நிக்காதீங்கடி," என்றாள். சங்வியன் அவளுக்குப் பதில் கொடுத்தாள். இங்கே எழுத முடியாத பதில். ஆனால் வீட்டுக்கு வந்து காலைக் கழுவினபோது வழக்கத்தைவிட அதிக நேரம் கழுவினாள்.

கொஞ்ச நாள் கழித்து டாக்டர் வாரின் தனியாக வந்தாள். ஆபீஸ் வண்டி இல்லை. வாடகை மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்தாள். சங்வியன் வலை பின்னிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"பெரியம்மா, ஒண்ணு புரியல. மட்டியில அந்தக் கிருமி இருக்கு. சேத்துல இல்ல. தண்ணியில இல்ல. மூணு தடவை பாத்துட்டேன். குடியிருக்கற வீட்டுல வாடைகூட இல்லாம ஆளு மட்டும் எப்படி?"

சங்வியன் கண்ணியில் நூலை நுழைத்தாள். "நான் என்னத்தக் கண்டேன்? நீங்கதானே படிச்சவங்க."

"நேத்து சந்தையில ஒரு சாக்கு பாத்தேன். பக்கத்து ஊரு பேரு. ஆனா அதே மட்டி, அதே சிரிப்பு. எழுத்துக்கு மட்டும் சிவப்பு மை."

"ஓ."

"அதைத் தின்னு ஐஸ் ஆலையில வேலை செய்யற பொம்பளைங்க படுத்திருக்காங்க. ஒருத்திக்கு இன்னும் டிரிப்பு ஓடுது. மாசமா இருக்கா. அதிகாரி யாரும் இல்லாததால மேல யாரும் கேக்கல. நானாத்தான் போய்ப் பாத்தேன். அதே கோடு."

நூல் கண்ணியிலேயே நின்றது. ஐஸ் ஆலையில் சங்வியன் இளவயதில் வேலை செய்திருக்கிறாள். கை மரத்துப்போகிற அந்த வேலையில், மத்தியானம் சூடாக ஏதாவது தின்னக் கிடைத்தால் என்ன ஏதென்று யாரும் பார்ப்பதில்லை. அவள் வலையை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். சொன்னால் குத்தகை போகும். சொல்லாவிட்டால் குத்தகை இருக்கும், அந்த லாரியும் ஓடும். அவள் கால்வாய் முகத்தைப் பார்த்தாள். சிவப்புத் துணிகள் காற்றில் ஆடின.

"எங்க திட்டுல மட்டி இல்ல," என்றாள்.

"மூடிட்டாங்கதான், தெரியும்..."

"மூடறதுக்கு முன்னாலயே இல்ல. மூணு வருஷமா இல்ல. நீங்க பொறுக்கினது நான் நட்டது."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். கறுப்புத் தண்ணீர், லாரி, தம்ரோங் தலைகீழாக நட்டது வரைக்கும். அந்தப் பெண் கையைத் தலையில் வைத்துக்கொண்டு கேட்டாள். கோபப்படுவாள் என்று சங்வியன் எதிர்பார்த்தாள். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"கிழக்குக் கரை மட்டிய நேரா நட்டீங்களா?"

"நேராவா? வாயைப் பொளந்துகிட்டு இருந்துச்சு. ஓடையில ஊற வெச்சுத்தான் நட்டேன்."

"ஓடையில அப்ப பழைய சரக்கு இருந்துச்சா?"

"பக்கத்துலதான் இருந்துச்சு. ஆனா கலக்கல டாக்டரம்மா. நான் அப்படி வேலை செய்யறவ இல்ல. புதுசுக்குப் பச்சைக் கயிறு கட்டியிருந்தேன்."

டாக்டர் வாரின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"கிருமிக்குக் கயிறு தெரியாது பெரியம்மா. மட்டி சும்மா இருக்காது. குடம் குடமாத் தண்ணியக் குடிச்சுத் துப்பிக்கிட்டே இருக்கும். பழசு துப்பினதைப் புதுசு குடிச்சிருக்கு. நீங்க ஊற வெக்காம நட்டிருந்தா உங்க ஊரு தப்பிச்சிருக்கும்."

சங்வியன் கீழே வைத்த வலையை மறுபடி மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அப்ப தலைவர் சொன்னபடி அப்படியே நட்டு விட்டிருந்தா சரியாயிருக்கும்ங்கறீங்க," என்றாள். அவளுக்கு அதுதான் எல்லாவற்றையும்விட உறுத்தியது.

"இதை நான் எழுதினா, திட்டு சுத்தம்னு ஆயிடும். ஆனா குத்தகை..."

"தெரியும். எழுதுங்க. லாரியையும் எழுதுங்க."

அவள் எழுதினாள். நன்றாகவே எழுதியிருக்க வேண்டும், ஏனென்றால் ஓடை வளைவில் விட்டுப்போயிருந்த பழைய பை ஒன்றை எடுத்து, அதே கோட்டைக் காட்டி, ஹியா கெங்கின் லாரிகளை நெடுஞ்சாலையில் நிறுத்த வைத்தாள். சிவப்பு மைச் சாக்கு சந்தையிலிருந்து மறைந்தது. மாசமாக இருந்தவளும் பிழைத்துக்கொண்டாள். ஹியா கெங் இப்போது கருவாட்டு வியாபாரத்தில் இருக்கிறார். கருவாடு தண்ணீர் குடிப்பதில்லை.

ஆனால் திட்டு விஷயம் வேறு மாதிரிப் போயிற்று. அதிகாரிகள் கூடி விவாதித்தார்கள். ஆளுநர் தொலைக்காட்சியில் சொன்னதை ஒரு மட்டிக்காரியின் வாய்வார்த்தையை நம்பி மாற்ற முடியாது என்று முடிவாயிற்று. விஞ்ஞானம் சொன்னதை விஞ்ஞானம்தான் மாற்ற வேண்டும். அதற்கு முறை இருக்கிறது: மூடிய திட்டிலிருந்தே மறுபடி மட்டி எடுத்து, அதில் அந்தக் கிருமி இல்லை என்று காட்ட வேண்டும். காட்டினால் மறுநாளே திறந்துவிடுவார்கள்.

"மட்டியே இல்லைன்னுதானே சார் அவங்க சொல்றாங்க?" என்று டாக்டர் வாரின் கேட்டாளாம்.

"அப்ப எப்படித் திறக்கறது?" என்றார்களாம்.

மூடிய திட்டின் குத்தகையை, திறக்கும்வரை யாரும் ரத்து செய்ய முடியாது, யார் பெயருக்கும் மாற்ற முடியாது என்று இன்னொரு விதி இருந்தது. படகுத்துறைக் கம்பெனி கொஞ்ச நாள் அலைந்துவிட்டு வேறு கால்வாய்க்குப் போய்விட்டது. சங்வியனின் சேறு சங்வியனிடமே இருந்தது.

"உண்மையச் சொல்லி என்னத்தக்கா கண்டீங்க?" என்றார் தம்ரோங்.

"போனது ஒண்ணுமில்ல தம்பி. வந்ததும் ஒண்ணுமில்ல."

வந்தது ஒன்று இருந்தது. மூடிய திட்டுக்குக் காவல் வேண்டும் என்று மேலிடம் சொன்னது. கால்வாய் முகத்துக்கு மிகப் பக்கத்தில் குடியிருந்தவள் சங்வியன். முதுகில் எழுத்துப் போட்ட ஆரஞ்சு நிற மேல்சட்டை ஒன்றும் விசில் ஒன்றும் கொடுத்தார்கள். இல்லாத மட்டியை யாரும் திருடாமல் அவள் பார்த்துக்கொள்ள வேண்டும். இரக்கப்பட்டுக் கொடுத்த வேலையா, தண்டனையா என்று அவளுக்குத் தெரியவில்லை; அவர்களுக்கும் தெரிந்திருக்காது.

வேலை இல்லாமலும் இல்லை. தடை போட்டதும் பாங் லம்பான் மட்டிக்கு மவுசு வந்துவிட்டது. இவ்வளவு காவல் போட்டிருக்கிறார்கள் என்றால் உள்ளே கொட்டிக் கிடக்கும் என்று வெளியூர்ப் படகுகள் வந்தன. சங்வியன் விசிலை ஊதித் துரத்தினாள். ஒருவன் இருட்டில் இறங்கித் துழாவி வெறுங்கையோடு ஏறியவன், "எல்லாத்தையும் நீயே தின்னுட்டியாடி கிழவி?" என்று கத்திவிட்டுப் போனான். நாளடைவில் அவர்களும் வரவில்லை. தள்ளுவலைப் படகு இல்லை, இஞ்சின் படகு இல்லை, சேற்றைக் கிளற ஆள் இல்லை. முப்பது வருஷத்தில் அந்தத் திட்டு அவ்வளவு அமைதியாக இருந்து அவள் பார்த்ததில்லை.

அடுத்த மழைக்காலம் முடிந்து தெளிந்த ஒரு காலையில், கிழிந்த சிவப்புத் துணியை மாற்றக் கட்டத்தின் நடுவுக்குப் பலகையை உந்திக்கொண்டு போனாள். கம்பைப் பிடித்து எழுந்தபோது கை வழுக்கிச் சேற்றுக்குள் இறங்கியது. விரலில் ஏதோ உறுத்தியது. கல் என்று நினைத்தாள். பக்கத்தில் இன்னொன்று. அதன் பக்கத்தில் இன்னொன்று. கையை அப்படியே மூடி வெளியே எடுத்தாள்.

சுண்டுவிரல் நகம் அளவுதான் இருந்தன. ஓட்டில் கறுப்புச் சேறு வரிவரியாக ஏறியிருந்தது. இந்த அளவில் லாரியில் வருவதில்லை, இந்த அளவில் அவள் நடவும் இல்லை. இதை யாரும் நடவில்லை. அவள் உள்ளங்கையில் அவை வாயை இறுக மூடிக்கொண்டு கிடந்தன.

டாக்டர் வாரினிடம் கொடுத்தால் போதும். கோடு எடுப்பாள், சுத்தம் என்று வரும், மறுநாளே திட்டைத் திறப்பார்கள். திறந்தால் என்ன நடக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். நகம் அளவிலேயே வாரிக்கொண்டு போவார்கள். முதல் ஆளாகப் பலகையோடு இறங்குகிறவர் யார் என்பதுகூடத் தெரியும்.

அவர் அப்போது கரையில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"என்னக்கா? என்னமோ கையில பாக்கறீங்க?" என்று தம்ரோங் வாயில் கைகுவித்துக் கத்தினார்.

சங்வியன் கையைச் சேற்றுக்குள் விட்டு விரித்தாள்.

"ஒண்ணுமில்ல தம்பி," என்றாள். "வெறும் சேறு. வெயில் ஏறுது, வீட்டுக்குப் போங்க."